கிணற்றுக்குப் போகும் வழியில்

தமிழ்க் கதைகளில் கிணறு வற்றுவதே இல்லை. மழை பொய்த்து, ஏரி குளமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற ஊராகவே இருக்கட்டும்; கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்கு வாந்தி வந்த அத்தியாயத்துக்கு அடுத்த அத்தியாயத்தில் கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும். கொஞ்சம் இரக்கமுள்ள ஆசிரியர்கள் கிணற்றைத் தவிர்த்துவிடுகிறார்கள். அவர்கள் அவசர அவசரமாக ஒரு முறைப்பையனைத் தேடிப் பிடித்து, அவன் கையில் மஞ்சள் கயிற்றைக் கொடுத்து, தியாகி என்று பட்டமும் சூட்டி அனுப்பிவைப்பார்கள். இரண்டு முடிவுக்கும் வாசகர்கள் அழுவார்கள். கதை வெற்றி.

ஊராரைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். நானும் இந்தக் கிணற்றில் நீர் இறைத்தவன்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு வார இதழில் நான் எழுதிய கதையில், பிளஸ் டூ முடித்துவிட்டு நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண் வருகிறாள். அவளை ஒருவன் ஏமாற்றிவிடுகிறான். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. தன் உடம்பில் என்ன நடந்திருக்கிறது என்பதையே மூன்றாவது மாதத்தில்தான், அதுவும் அடுத்த வீட்டுக் கிழவியின் பார்வையிலிருந்து, தெரிந்துகொள்கிறாள். அந்தத் தெரியாமையைத்தான் நான் நாலு பக்கம் உருகி உருகி எழுதியிருந்தேன். கடைசியில் விடியற்காலை, பனி, ராட்டினத்தின் ஓசை, கிணறு. கதை நன்றாக இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். எனக்கும் அந்த அபிப்பிராயம்தான்.

அந்தக் கதைக்கு வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன். திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் எழுதியது. பெயரைச் சொல்லப் போவதில்லை. கடிதத்தின் சாரம் இதுதான்: “ஐயா, உங்கள் கதையைப் படித்துவிட்டு அழுதேன். ஆனால் ஒரு சந்தேகம். நீங்கள் எழுதியிருக்கிற ஊர் எங்கள் பக்கத்து ஊர் என்பது தெரிகிறது. அந்தப் பெண்ணின் தெருவிலிருந்து அந்தக் கிணற்றுக்குப் போக வேண்டுமானால் எங்கள் துணை சுகாதார நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். உங்கள் கதையில் அந்தக் கட்டிடத்தைக் காணவில்லை. நானும் அன்றைக்கு லீவில் இல்லை.”

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எழுத்தாளனுக்கு இப்படிப்பட்ட சமயங்களில் கைகொடுக்க என்றே சில வார்த்தைகள் தயாராக இருக்கின்றன. கலை வேறு, பிரசாரம் வேறு. கதை என்பது சுகாதார இலாகாவின் துண்டுப் பிரசுரம் அல்ல. சோகத்துக்கு ஒரு தர்க்கம் உண்டு, அதன் நடுவில் மாத்திரைப் பெட்டியோடு யாரும் வந்து நிற்க முடியாது. இப்படியெல்லாம் ஒரு பதிலை மனசுக்குள்ளேயே எழுதிக்கொண்டேன். தபாலில் சேர்க்கவில்லை. சேர்க்காததும் நல்லதாகப் போயிற்று.

பிறகு ஒரு நாள், ஒரு பழைய புத்தகக் கடையில் பிராங்க் வெடெகிண்டின் நாடகம் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் கிடைத்தது. ‘வசந்தத்தின் விழிப்பு’ என்று தமிழில் சொல்லலாம். கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான். ஜெர்மன் பாஷை தெரியாது. ஆனாலும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். முடித்தபோது, என் கதையைவிட 120 வருஷத்துக்கு மேல் மூத்த ஒரு நாடகம் என் கதையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நிறுத்தியிருப்பதைக் கண்டேன்.

வெடெகிண்ட் இதை 1891-ல் வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. மேடையேறுவதற்குப் பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1906-ல் பெர்லினில் மாக்ஸ் ரைன்ஹார்ட் இதை அரங்கேற்றியபோதுகூடத் தணிக்கை அதிகாரிகளின் கத்தரி பட்ட பிறகுதான் அனுமதி கிடைத்தது. நூறு வருஷம் கழித்து, 2006-ல், அமெரிக்காவின் பிராட்வேயில் அதையே பாட்டும் கூத்துமாக்கி ஆடி, மறு வருஷம் எட்டு டோனி பரிசுகளை வாங்கினார்கள். காலம் சில பேரிடம் தாமதமாகத்தான் மன்னிப்புக் கேட்கிறது. அது கிடக்கட்டும்.

நாடகத்தில் வெண்ட்லா என்று பதினான்கு வயதுச் சிறுமி. அக்காளுக்கு மறுபடியும் குழந்தை பிறந்திருக்கிறது. நாரை கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிற்று என்கிறாள் தாயார். வெண்ட்லா விடுவதாக இல்லை. குழந்தை எப்படி வருகிறது என்று சொல்லித்தான் ஆகவேண்டும் என்று மன்றாடுகிறாள். தாயாருக்கு முகம் பார்த்துச் சொல்ல வெட்கம். சரி, முகம் பார்க்காமலே சொல்லட்டும் என்று மகளே வழி கண்டுபிடிக்கிறாள்: தாயின் முன்றானை போன்ற மேலங்கித் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு தாய் மடியில் கிடக்கிறாள். தாயார் திணறித் திணறிக் கடைசியில் சொல்லுவது என்ன? கல்யாணமானவள் தன் புருஷனை முழுமனசோடு நேசிக்க வேண்டும், அவ்வளவுதான் என்கிறாள். அந்தச் சிறுமி கேட்டுக்கொண்டது இதுதான்: கல்யாணமும் நேசமும் இல்லையென்றால் குழந்தையும் இல்லை.

உலக நாடக இலக்கியத்தில் இதைவிடப் பயங்கரமான காட்சிகள் இருக்கின்றன. கண்ணைப் பிடுங்குகிறார்கள், கழுத்தை நெரிக்கிறார்கள். எனக்கு எதுவும் இவ்வளவு பயத்தைத் தரவில்லை. காரணம், இந்தத் தாய் கெட்டவள் அல்ல. மகளிடம் உயிரையே வைத்திருக்கிறவள். சொல்ல வேண்டும் என்று நினைக்கவும் செய்கிறாள். நாக்கு எழவில்லை. அவளுடைய தாய் அவளிடம் இப்படித்தான் இருந்திருப்பாள்.

பின்னால் அந்தச் சிறுமிக்கு ஒரு பள்ளிக்கூடப் பையனால் நேர்ந்ததை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அவள் நோயாகிப் படுக்கிறாள். டாக்டர் வந்து ரத்தசோகை என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். தாயார் உண்மையைச் சொல்லும்போது அந்தப் பெண் நம்பவில்லை. எனக்குத்தான் கல்யாணமே ஆகவில்லையே என்கிறாள். வீட்டுக்கு ரகசியமாக ஒரு மருத்துவச்சி வரவழைக்கப்படுகிறாள். அடுத்து நாம் பார்ப்பது கல்லறைக் கல்லை. அந்தக் கல்லிலும் ரத்தசோகையால் இறந்தாள் என்றே பொறித்திருக்கிறார்கள். செத்த பிறகும் பொய்யை விடவில்லை.

பையன்கள் கதையும் இதே லட்சணம்தான். மோரிட்ஸ் என்பவனுக்குப் பரீட்சைப் பயம் ஒரு பக்கம், தன் உடம்பே தனக்கு விரோதியாகிவிட்ட பயம் ஒரு பக்கம். அவனுடைய நண்பன் மெல்கியோர் புத்தகங்களில் படித்தவன். தெரிந்ததையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதி நண்பனிடம் கொடுக்கிறான். மோரிட்ஸ் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு செத்ததும் அந்தக் கட்டுரை பெரியவர்கள் கையில் அகப்படுகிறது. உபாத்தியாயர்கள் கூடி விசாரணை நடத்துகிறார்கள். ஒரு பையன் செத்துப்போயிருக்கிறான். இவர்களோ, கூட்டம் நடக்கிற அறையில் ஜன்னலைத் திறக்கலாமா கூடாதா என்று வெகு நேரம் விவாதிக்கிறார்கள். முடிவில் கட்டுரை எழுதியவனைத் துரத்திவிடுகிறார்கள். அந்த ஊரிலேயே உண்மையைக் காகிதத்தில் எழுதியவன் அவன் ஒருவன், அவனுக்குத்தான் தண்டனை.

இந்த நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாயாரையும் உபாத்தியாயர்களையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். என் கவனத்தை இழுத்தது வேறொருவர். கடைசிக் காட்சியில், கல்லறைத் தோட்டத்தில், மெல்கியோர் சாவதா பிழைப்பதா என்று நிற்கும்போது முகமூடி அணிந்த ஒரு மனிதர் வருகிறார். பெயர் கிடையாது. எங்கிருந்து வந்தார் என்பதும் கிடையாது. அவர் அவனை அதட்டவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. உனக்குப் பசிக்கிறது, முதலில் சூடாக எதையாவது சாப்பிடு என்கிற தோரணையில் பேசி அவனை உயிரோடிருப்பவர்கள் பக்கம் அழைத்துக்கொண்டு போய்விடுகிறார். நாடகத்தையே வெடெகிண்ட் இந்த முகமூடி மனிதருக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார். 1906-ல் அந்த வேஷத்தைக் கட்டிக்கொண்டு மேடையேறியவரும் ஆசிரியரேதான்.

விமர்சகர்கள் இதைத் தத்துவம் என்கிறார்கள்; வாழ்க்கையே உருவெடுத்து வந்தது என்கிறார்கள். இருக்கலாம். என்னைக் கேட்டால், அது தத்துவத்தை விடத் தட்டுப்பாட்டைக் காட்டுகிறது என்பேன். ஒரு விடலைப் பையன் நம்பிப் போய்ப் பேசக்கூடிய ஒரு பெரிய மனிதர் வேண்டும் என்று ஆசிரியருக்குத் தோன்றியிருக்கிறது. ஊர் முழுவதும் தேடியிருக்கிறார். தாயார் இல்லை, தகப்பன் இல்லை, பாதிரியார் இல்லை, டாக்டர் இல்லை, உபாத்தியாயர் இல்லை. 1891-ல் அப்படி ஓர் உத்தியோகமே பூமியில் கிடையாது. ஆகவே முகமும் பெயரும் இல்லாத ஒருவரைச் சிருஷ்டித்து, அந்த முகமூடியைத் தானே மாட்டிக்கொண்டு மேடைக்கு வர வேண்டியதாயிற்று. இல்லாததை இல்லை என்று காட்டியதுதான் அவருடைய நேர்மை.

என் கதைக்கு அந்தச் சமாதானம் கிடையாது. என் கதையில் நான் இருப்பதை இல்லையென்று காட்டியிருக்கிறேன்.

அந்த முகமூடிக்குப் பின்னால் ஒரு முகம் எப்படி முளைத்தது என்று தேடிப் படித்தபோது எலிஸ் ஒட்டெசன்-யென்சன் என்ற ஒரு ஸ்திரீயிடம் வந்து நின்றேன். நார்வே தேசத்தில் 1886-ல் பிறந்தவர். ஒரு பாதிரியாரின் மகள். பதினெட்டுக் குழந்தைகளில் பதினேழாவது. அவருடைய தங்கை கல்யாணமாகாமலே கர்ப்பமானபோது, தகப்பனார் அவளை ரகசியமாக டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டார். பிறந்த குழந்தையைப் பிரித்துவிட்டார்கள். பிள்ளை எப்படி வெளியே வரும் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லையாம். அவள் அந்தத் துயரிலிருந்து மீளவே இல்லை. மேடையில் இருந்த வெண்ட்லா நிஜத்தில் ஒரு பாதிரியார் வீட்டிலும் இருந்திருக்கிறாள்.

தமக்கை அழுதுவிட்டு ஓய்ந்துவிடவில்லை. ஸ்வீடனில் குடியேறி, ஊர் ஊராகப் போய் உடம்பைப் பற்றி வெட்கமில்லாமல் பேசினார். 1933-ல் அதற்கென்றே ஒரு சங்கம் நிறுவினார். பேச்சும் போராட்டமுமாக இருபது வருஷம் கழிந்தது. 1955-ல் ஸ்வீடன் பள்ளிக்கூடங்களில் இந்தப் பாடத்தைக் கட்டாயமாக்கிற்று. உலகத்தில் அப்படிச் செய்த முதல் தேசம் அதுதான். பாடம் மட்டும் போதாது, கேள்வி எழுந்த நாளில் கதவைத் தட்டிக் கேட்க ஓர் இடமும் வேண்டும் என்பது பிறகு புரிந்தது. 1970-ல் பூர்லெங்கே என்ற ஊரில் வாலிபர்களுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் திறந்தார்கள். இன்று அந்தத் தேசத்தில் இப்படி இருநூறுக்கு மேல் இருக்கின்றன. ஒரு மருத்துவச்சி, மனக்கஷ்டங்களைக் கேட்க ஒருவர், தேவையானபோது ஒரு டாக்டர். கேட்டதை வெளியே சொல்லமாட்டார்கள். விஷயம் இவ்வளவுதான், பெரிய மந்திரம் ஒன்றுமில்லை.

இது வெள்ளைக்காரர்கள் சமாசாரம், நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு தகவல். இந்த அம்மாளும் சேர்ந்து உண்டாக்கிய அகில உலகக் குடும்ப நலச் சம்மேளனம் பிறந்தது ஸ்டாக்ஹோமிலும் அல்ல, லண்டனிலும் அல்ல. 1952-ல் நம்முடைய பம்பாயில். அதை முன்னின்று நடத்தியவர் தன்வந்தி ராமராவ். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். தொட்டில் நம் வீட்டில்தான் ஆடிற்று.

ஆனால் நாம் அந்தக் காரியத்தை எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிவப்பு முக்கோணத்தைச் சுவர் சுவராக எழுதினோம். அதன் அருகே வரைந்த படத்தில் புருஷன், பெண்சாதி, இரண்டு குழந்தைகள். கல்யாணமானவர்களுக்குச் சொல்ல நமக்கு வெட்கமில்லை. கல்யாணத்துக்கு முந்திய பத்து வருஷம் என்று மனுஷ ஆயுளில் ஒரு பகுதி இருப்பதாகவே சர்க்கார் சுவர்கள் வெகு காலம் ஒப்புக்கொள்ளவில்லை. 2005-ஐ ஒட்டி வளரிளம் பருவக் கல்வி என்று ஒரு பாடத்திட்டம் கொண்டுவந்தார்கள். 2007-ல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ராஜ்யங்கள் வேண்டாம் என்றன. 2009-ல் ராஜ்ய சபையின் மனுக்கள் கமிட்டியும் பள்ளியில் இது கூடாது என்றே சொல்லிற்று. வாசகர்களில் அந்தக் கட்சிக்காரர்களும் இருப்பார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஆனால் வெண்ட்லாவின் தாய்க்கும் இதே பயம்தான் இருந்தது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஒன்று வேடிக்கை. எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் சுவரெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? யார் அந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையில் எல்லோரும் கேட்டார்கள். சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே பேசினார்கள். அதே காலத்தில் டாக்டர் மாத்ருபூதம் விஜய் டி.வி.யில் ‘புதிரா புனிதமா’ என்று உட்கார்ந்துகொண்டு, முகம் சுளிக்காமல், ஊரார் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். விளம்பரக்காரர்கள் ஒரு கதாபாத்திரத்தைச் சிருஷ்டித்தார்கள். ஒரு டாக்டர் ஒரு சம்பாஷணையைச் சிருஷ்டித்தார். கதாபாத்திரமும் சம்பாஷணையும் எங்கள் தொழில் அல்லவா? நாங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்? ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம்.

விதிவிலக்கு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-ல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழையில் நின்ற பெண், கார், அதன் பின் வீடு. அந்தத் தாயார் முதலில் பதறுகிறாள். பிறகு மகளைக் குளியலறையில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தமிழ்க் கதையில் தண்ணீர் ஒரு பெண்ணை மூழ்கடிக்காமல் கழுவிவிட்டது அபூர்வம். அதற்காகவே அந்தக் கதையின் முன் நான் தலை வணங்குகிறேன். அன்றைய வாசகர்கள் பலருக்குப் பொறுக்கவில்லை, கண்டனம் குவிந்தது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் அலறி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தன் ஒரு முழு நாவலே எழுதினார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-க்கான சாகித்திய அகாடமி பரிசும் பெற்றது.

தலை வணங்கிவிட்டுத்தான் ஒரு குறையும் சொல்லுகிறேன். தண்ணீர் மனசைக் கழுவிற்று, சரி. உடம்பு? அந்த வீட்டிலிருந்து யாரும் ஒரு லேடி டாக்டரிடம் போகவில்லை. எல்லாம் ஒரு குளியலறைக்குள், இரண்டு பெண்களுக்குள் முடிந்துவிடுகிறது. தாய் பெருந்தன்மையானவளாக இருந்தால் மகளுக்கு வாழ்வு, இல்லையேல் இல்லை. நாவலில் அதுதான் நடக்கிறது. கங்காவுக்கு வீட்டுக்கு வெளியே ஆதரவு என்று கிடைத்தவர் வெங்கு மாமா. படிக்க வைத்தார், ஆளாக்கினார், அந்த ஆதரவின் விலையாக அவருடைய கை எங்கெல்லாம் நீண்டது என்பதை நாவலைப் படித்தவர்கள் அறிவார்கள். ஒரு பெண்ணின் கதி இன்னொருவருடைய குணத்தைப் பொறுத்தே இருக்கும்படி ஒரு சமூகம் விட்டுவைக்கலாமா என்பதுதான் அந்தக் கதைக்குள்ளிருந்து எனக்குக் கேட்கிற கேள்வி. ஜெயகாந்தன் அதைக் கேட்டாரோ இல்லையோ, கதை கேட்கிறது. 1966-ல் அவருக்கு வேறு வழி இருந்ததா என்றால், அதிகம் இல்லை. வெடெகிண்டுக்குச் சொன்ன நியாயத்தை அவருக்கும் சொல்லத்தான் வேண்டும்.

நியாயம் கிடைக்காதவன் நான்தான். ஆகவே புறப்பட்டுப் போனேன்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு டவுன் பஸ், அப்புறம் ஒரு மினி பஸ். அந்தத் துணை சுகாதார நிலையம் நான் நினைத்ததைவிடச் சின்னது. இரண்டு அறை, வாசலில் ஒரு வேப்பமரம், சுவரில் தடுப்பூசி அட்டவணை. 5000 ஜனங்களுக்கு இப்படி ஒரு நிலையம் என்பது கணக்கு. கடிதம் எழுதிய அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். ஊரில் எல்லோருக்கும் நர்சம்மா. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் அக்கா. என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. “வாங்க சார், கிணத்தைப் பாத்துட்டு வந்தீங்களா?” என்றுதான் கேட்டார்.

அவர் மேசையில் நீல நிற மாத்திரைகள் இருந்தன. வளரும் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை. அலமாரியில் இலவசமாகக் கொடுக்கும் நாப்கின் கட்டுகள். 2014-ல் மத்திய சர்க்கார் பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரையிலானவர்களுக்கென்று ஒரு சுகாதாரத் திட்டம் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவர்களுக்கென்று ஆலோசனை நேரம் உண்டு என்று அதில்தான் ஏற்பாடு. காகிதத்தில் இருப்பது எவ்வளவு, ஊரில் இருப்பது எவ்வளவு என்று கேட்டேன். “கதவு இருக்கு சார், தாழ்ப்பாள் இல்லை” என்றார். உவமை சொல்லுகிறார் என்று நினைத்துக் குறித்துக்கொண்டேன். அப்புறம்தான் பார்த்தேன், உள் அறைக் கதவில் நிஜமாகவே தாழ்ப்பாள் இல்லை.

அரை மணி பேசியிருப்போம். பாவாடை தாவணிக் காலமெல்லாம் போய்விட்டதல்லவா, சுடிதார் போட்ட ஒரு பெண் சைக்கிளில் வந்து, என்னைப் பார்த்ததும் திரும்பிவிட யோசித்தாள். நர்சம்மா என் பக்கம் திரும்பி, “சார், கொஞ்சம் வேப்பமரத்தடியிலே இருங்க” என்றார். உபசாரமே இல்லை. எழுந்து போனேன். இருபது நிமிஷம் நின்றேன். கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடும் சப்தம் கேட்டது.

நாவலாசிரியன் என்பவன் எந்தப் பெண்ணின் மனசுக்குள்ளும் கதவைத் தட்டாமல் நுழைகிறவன். அவள் படுக்கையில் புரளும்போதும் அங்கே இருப்பான், கிணற்றங்கரையிலும் கூடவே நிற்பான். எனக்கு அது பழகிப்போயிருந்தது. எழுத வந்து இத்தனை வருஷத்தில், ஒரு பெண்ணின் விஷயத்தில் “வெளியே இரு” என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த இருபது நிமிஷமும் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் போகும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கையில் நாலைந்து நீல மாத்திரை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அவள் என்ன கேட்டாள் என்று நர்சம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொதுவாக எப்படிக் கேட்பார்கள் என்று மட்டும் சொன்னார். ஒருத்தியும் தனக்கு என்று கேட்கமாட்டாளாம். “என் ப்ரெண்டு ஒருத்திக்கு” என்றுதான் ஆரம்பிப்பாள். ப்ரெண்டுக்குத் தேதி தள்ளிப்போகிறது. ப்ரெண்டை ஒருவன் போட்டோ வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். ப்ரெண்டுடைய சித்தப்பா சரியில்லை. “அவங்க கதையா சொல்லுவாங்க சார். நான் கதையாவே பதில் சொல்லுவேன். உன் ப்ரெண்டுக்கு ரத்தம் கம்மியா இருந்தாலும் தள்ளிப் போகும், பரீட்சைப் பயத்திலேகூடப் போகும், வேற எதுன்னாலும் போகும். எதுவா இருந்தாலும் எங்கிட்ட வரலாம்னு சொல்லு. வந்தா நான் கேக்கற மொதக் கேள்வி, சாப்பிட்டியாங்கறதுதான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே ரத்தசோகை. அங்கே அது கல்லறைக் கல்லில் பொறித்த பொய். இங்கே ஒரு பெண் வாயைத் திறப்பதற்குப் போட்டுக் கொடுத்த மணை. முதலில் சாப்பிடு என்று சொன்ன முகமூடி மனிதரை நினைத்துக்கொண்டேன். இந்த அம்மாள் வெடெகிண்டைப் படித்தவர் அல்ல.

அவருக்கு இருக்கிற சிக்கல்களையும் சொன்னார். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் 2012-ஆம் வருஷத்துச் சட்டப்படி போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். குழந்தைகளைக் காக்க வந்த நல்ல சட்டம்தான். ஆனால் போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததுமே அந்த ‘ப்ரெண்டு’ மாயமாக மறைந்துவிடுகிறாள், அப்புறம் வருவதே இல்லை. 2022-ல் சுப்ரீம் கோர்ட், கர்ப்பத்தைக் கலைக்க வரும் சிறு பெண்ணின் அடையாளத்தை டாக்டர் போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது எத்தனை ஆஸ்பத்திரிகளின் காதில் விழுந்திருக்கிறது என்பது வேறு விஷயம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள். தாயாருடைய போனிலிருந்துதானே பேச வேண்டும் என்றார் நர்சம்மா.

இப்போது அந்தப் பழைய வாதத்துக்குத் திரும்புகிறேன். கதையில் ஒரு நர்சம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது பிரசாரம் ஆகிவிடாதா? மோசமாக எழுதினால் ஆகும். நர்சம்மா மூன்று பக்கம் பிரசங்கம் செய்து, பெண் மனம் திருந்தி, சுபம் என்று முடித்தால் அதைவிடக் கிணறே மேல். ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்ட அந்தக் கதவை எழுதினால்? உள்ளே போகலாமா என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தயங்குகிற அந்த அரை நிமிஷத்தை எழுதினால்? அங்கே போயும் சொல்ல முடியாமல் ஒருத்தி திரும்பலாம். சொன்னது ஊருக்குத் தெரிந்துவிடலாம். நர்சம்மாவே ஈவிரக்கமில்லாதவளாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களும் உண்டு என்று இந்த அம்மாளே ஒப்புக்கொண்டார். சோகத்துக்கு ஒன்றும் பஞ்சம் வந்துவிடாது. ஆனால் அது மனிதர்கள் செய்த சோகமாக இருக்கும். விதி என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

அந்த நாலு பக்கத்தை ஊர் திரும்பியதும் எடுத்துப் படித்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் தெரியாது என்று எழுதி எழுதி, அந்தத் தெரியாமையை ஒரு நகை மாதிரி அவளுக்குப் பூட்டி அழகு பார்த்திருக்கிறேன். வெள்ளை மனசு என்று நான் வர்ணித்தது, யாரோ சொல்லாமல் விட்டதன் மிச்சம். அந்தச் சொல்லாமல் விட்டவர்களில் ஒருவர்கூட என் கதையில் இல்லை. தாயாரை முதல் பத்தியிலேயே சாகடித்திருந்தேன், வசதிக்காக. பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு வருஷம் அனுப்பியிருக்கிறேன், ஓர் ஆசிரியை பெயர்கூட இல்லை. ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ள வேண்டுமானால் எவ்வளவு பேரைக் கதையிலிருந்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது!

தொகுப்பின் அடுத்த பதிப்பில் கதையைத் திருத்தலாமா, எடுத்துவிடலாமா என்று கேட்டு நர்சம்மாவுக்கு எழுதினேன். போன வாரம் பதில் வந்தது. கதையைப் பற்றி ஒரு வரிதான்: அது உங்கள் இஷ்டம், நான் என்ன சொல்ல. மற்றதெல்லாம் வேறு. வருகிற புதன்கிழமை மேல்நிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு அவர் பேசப் போகிறாராம். பையன்களை அந்த நேரத்தில் மைதானத்துக்கு விரட்டிவிடுவதுதான் வழக்கம். இந்தத் தடவை தலைமையாசிரியர், பையன்களுக்கும் யாராவது ஆண்பிள்ளை வந்து பேசினால் நல்லது என்று சம்மதித்திருக்கிறார். கேட்ட ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். “நீங்கள் மனசைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரம். வர முடியுமா?”

மோரிட்ஸையும் மெல்கியோரையும் பற்றி இவ்வளவு எழுதியவன் நான். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நாற்பது பேர் முன்னால் நின்று முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறேன். மனைவியிடம் சொன்னேன், சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, போங்கள் என்றாள். கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. புதன்கிழமைக்கு நாலு நாள் இருக்கிறது.